முதுகில் நீர் எடுக்கும்போது நேரும் இடர்ப்பாடுகள்: ஊசி ஏன் தடைபடுகிறது, இரத்தம் ஏன் கலக்கிறது, தலைவலி ஏன் வருகிறது?

வார்டுச்சுற்று எழுதியது:

மூளைக்காய்ச்சல் என்று ஐயப்படும் நோயாளிக்கு முதுகிலிருந்து நீர் (மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் திரவம்) எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்டால், உறவினரிடமிருந்து முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "கால் விளங்காமல் போய்விடாதா?" இந்த அச்சத்தால் பரிசோதனை நாள்கணக்கில் தள்ளிப்போய், காசநோயால் வந்த மூளைக்காய்ச்சலுக்கு மருந்து தொடங்குவதே தாமதமாகிவிட்ட நோயாளிகளைப் பொது மருத்துவ வார்டில் பணிபுரியும் எவரும் பார்த்திருப்பார்கள். பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதலாவது அல்லது இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. நாம் ஊசி செலுத்துவது அதற்கும் கீழே, மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவில், அல்லது நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில். அங்கே நீரில் மிதப்பவை நரம்பு வேர்கள் மட்டுமே. ஊசியின் முனை நெருங்கும்போது அவை பெரும்பாலும் விலகிக்கொள்கின்றன. ஆகவே பயப்பட வேண்டியது கால் போவதைப் பற்றி அன்று. உண்மையில் அடிக்கடி நேர்பவை வேறு. அவற்றைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

முதல் இடர்ப்பாடு, ஊசி உள்ளே போகாமல் எலும்பில் முட்டுவது. இதற்குக் காரணம் பெரும்பாலும் கை அன்று, படுக்கை. நோயாளியைக் கட்டிலின் விளிம்பில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால்களை வயிற்றோடும் தாடையை மார்போடும் சேர்க்கச் சொல்கிறோம். நடுவில் குழிந்த பழைய கட்டிலில் இடுப்பு ஒரு பக்கம் இறங்கிவிடும், மேல்தோள் முன்னால் சாய்ந்துவிடும், முதுகெலும்பு முறுக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்க்கும் மருத்துவருக்கு முதுகு நேராக இருப்பது போலவே தோன்றும். ஊசியோ நடுக்கோட்டை விட்டு விலகியே போய்க்கொண்டிருக்கும். இரு இடுப்பெலும்புகளின் உச்சியையும் இணைக்கும் கோடு நான்காவது முள்ளெலும்பை ஒட்டிச் செல்கிறது என்பதை வைத்துத்தான் இடத்தைக் குறிக்கிறோம். உடல் பருமனானவர்களிடம் அந்த உச்சியே கைக்குத் தட்டுப்படாது என்பதால், ஓர் இடைவெளி மேலே போய்விடும் வாய்ப்பும் உண்டு.

எலும்பு மேலாகவே தட்டினால் அது பெரும்பாலும் முள்ளெலும்பின் பின்புறம் துருத்தி நிற்கும் முள்நீட்சி. ஆழத்தில் தட்டினால் ஊசி பக்கவாட்டில் விலகிவிட்டது என்று பொருள். இரண்டிலும் ஊசியைத் தோலுக்குக் கீழ் வரை இழுத்த பிறகே திசையை மாற்ற வேண்டும். தசைநார்களுக்குள் இருக்கும்போதே திருப்பினால் ஊசி வளையுமே தவிர, பழைய வழியிலேயே மீண்டும் போகும். பயிற்சி மருத்துவர்களிடம் நான் அதிகம் காணும் பிழை இதுவே.

தென்பொருநை எழுதியது:

வணக்கம் ஐயா. நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். என் அண்ணன் மகன் கல்லூரியில் படிக்கிறான். பல நாட்களாக விடாத காய்ச்சலும் தலைவலியும் இருந்து, இப்போது பேச்சும் சற்றுக் குழறுவதால் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். நேற்று முதுகில் நீர் எடுக்க முயன்றார்கள். பலமுறை குத்தியும் சரியாக வரவில்லை. கடைசியில் வந்த சில சொட்டுகளிலும் இரத்தம் கலந்திருந்தது. ஒரு முறை ஊசி போனபோது வலது காலில் ஷாக் அடித்தது போல் இருந்ததாக அவன் சொன்னான். இன்று மறுபடியும் எடுக்க வேண்டும் என்கிறார்கள். என் அம்மா, "பிள்ளையின் தண்டுவடத்தையே குத்திவிட்டார்கள், இனி ஒப்பவே மாட்டேன்" என்று அழுகிறார். இரத்தம் வந்ததும் காலில் ஷாக் அடித்ததும் தண்டுவடத்தில் காயம் பட்டதற்கு அடையாளமா? அருள்கூர்ந்து விளக்குங்கள்.

மயக்கமருந்தாளன் எழுதியது:

தென்பொருநை அவர்களே, இரண்டும் தண்டுவடக் காயத்துக்கு அடையாளம் அல்ல என்பதை முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். தண்டுவடத்தை மூடியிருக்கும் தடித்த உறைக்கு வெளியே கொழுப்பும் மெல்லிய சிரைகளின் பின்னலும் இருக்கின்றன. ஊசி நடுக்கோட்டிலிருந்து சற்று விலகினால் அந்தச் சிரைகளுள் ஒன்றில் பட்டு, நீரோடு இரத்தம் கலக்கும். அது தானாகவே நின்றுவிடும். காலில் ஷாக் அடிப்பது, ஊசி முனை ஒரு நரம்பு வேரை உரசியதால் வருவது. வலது காலில் அடித்தால் ஊசி வலப்புறம் விலகியிருக்கிறது என்று எங்களுக்குத் தெரிகிறது. உடனே பின்னால் இழுத்து இடப்புறமாகத் திருப்புகிறோம். அதனால்தான் பொறுத்துக்கொள்ளாமல், எந்தக் காலில், எந்த இடத்தில் என்று உடனே வாயால் சொல்லுமாறு நோயாளிகளிடம் முன்கூட்டியே கூறுவேன். நொடிப்பொழுதில் மறையும் ஷாக் வேறு, ஊசியை எடுத்த பின்னும் தொடரும் வலியோ மரமரப்போ வேறு. பின்னது இருந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டுப் பரிசோதிக்க வேண்டும்.

மறுமுயற்சி பற்றி: ஒரே கை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்துவதால் பயன் இல்லை. இடைவெளியை மாற்றலாம், ஆளை மாற்றலாம், உட்காரவைத்து எடுக்கலாம். உட்கார்ந்து, முன்னால் உள்ள மேசை மீது தலையணையை வைத்து அதைக் கட்டிக்கொண்டு குனிந்தால், முள்நீட்சிகளின் இடைவெளி நன்றாகத் திறக்கும், நடுக்கோடும் எளிதில் தெரியும். ஒரு குறை: உட்கார்ந்த நிலையில் நீரின் அழுத்தத்தை நம்பகமாக அளக்க முடியாது. அல்ட்ராசவுண்டு கருவியால் முன்னரே இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொள்வது இப்போது பல அறுவை அரங்குகளில் வழக்கமாகிவருகிறது. வார்டில் முடியாவிட்டால் எங்கள் துறையை அழைக்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் யாருக்கும் தன்மானக் குறைவு இல்லை.

மறக்காமல் ஒன்றைச் சரிபாருங்கள். காய்ச்சலில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருக்கின்றனவா? டெங்கு பரவும் மாதங்களில் இது வெறும் சம்பிரதாயக் கேள்வி அன்று. எண்ணிக்கை 40,000 முதல் 50,000 வரையிலான எல்லைக்குக் கீழே போனாலோ, இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.5-ஐத் தாண்டினாலோ, உறைக்கு வெளியே இரத்தம் கட்டி நரம்புகளை அழுத்தும் ஆபத்துக் கூடுகிறது. இரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு, அது சிகிச்சைக்கான முழு அளவாக இருந்தால் கடைசி ஊசிக்குப் பின் 24 மணி நேரம் கழிய வேண்டும். தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் குளோபிடோகிரல் மாத்திரையை அவசரமில்லாத நிலையில் ஐந்து முதல் ஏழு நாட்கள் முன்பே நிறுத்துகிறோம். ஆஸ்பிரின் மட்டும் என்றால் அதற்காகக் காத்திருப்பதில்லை.

ஆய்வுக்கூடத்தான் எழுதியது:

இரத்தம் கலந்த நீரைப் பயனற்றது என்று கருதி ஊற்றிவிட வேண்டாம் என்று ஆய்வுக்கூடத்தின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன். குழாய்களில் 1, 2, 3 என்று வரிசை எண் எழுதி அனுப்பினால், முதலாவதில் சிவந்தும் மூன்றாவதில் தெளிந்தும் இருப்பதைக் கொண்டு, இது ஊசியால் வந்த இரத்தம் என்று ஓரளவு முடிவு செய்ய முடியும். குழாயைச் சுழற்றி வைத்தபின் மேலே நிற்கும் நீர் நிறமற்று இருந்தால் அதுவும் அதே பக்கமே சாட்சி சொல்லும். மஞ்சளாக இருந்தால், மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டுச் சில மணி நேரமாவது ஆகியிருக்கலாம் என்ற கேள்வி எழுகிறது. அந்த மஞ்சள் நிறம் முழுமையாகத் தெரிய ஏறத்தாழ 12 மணி நேரம் பிடிக்கும் என்பதால், தலைவலி தொடங்கிய நேரத்தைச் சீட்டில் எழுத வேண்டும், யாரும் எழுதுவதில்லை. சிவப்பணுக்கள் 500 முதல் 1000 வரை இருந்தால் ஒரு வெள்ளையணு இரத்தத்திலிருந்து வந்தது என்று கழித்துக் கணக்கிடும் வழக்கமும் உண்டு. ஆனால் இரத்தம் மிகுதியாக இருந்தால் அந்தக் கணக்கை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

அதைவிடப் பெரிய இடர்ப்பாடு, நீர் எடுத்தபின் குழாய் எங்கே கிடக்கிறது என்பதுதான். இந்த நீரில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழப் பாதியாகச் சிதைந்துவிடுகின்றன. மாலை நான்கு மணிக்கு எடுத்த குழாய், நோயாளியின் உறவினர் சட்டைப்பையில் பயணம் செய்து இரவு எட்டு மணிக்கு எங்களிடம் வந்தால், நாங்கள் எண்ணிச் சொல்லும் எண்ணிக்கைக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்? கூடவே அதே நேரத்தில் எடுத்த இரத்தச் சர்க்கரை அளவும் வர வேண்டும். அது இல்லாமல் நீரில் உள்ள சர்க்கரை குறைவா இல்லையா என்று தீர்மானிக்க முடியாது.

காசநோய் ஐயம் இருந்தால் சில சொட்டுகள் போதா. கிருமிகள் மிகச் சிலவே இருக்கும் என்பதால், பெரியவர்களிடம் ஆறு மில்லிக்குக் குறையாமல், முடிந்தால் பத்து மில்லி வரை வேண்டும். "அவ்வளவு எடுத்தால் மூளை வற்றிவிடாதா" என்று கேட்பவர்களுக்காக: உடலில் எந்நேரமும் இருக்கும் நீர் சுமார் 150 மில்லி, நாளொன்றுக்குச் சுரப்பது சுமார் 500 மில்லி. பத்து மில்லியை உடல் அரைமணி நேரத்தில் ஈடுகட்டிவிடுகிறது.

தென்பொருநை எழுதியது:

மிக்க நன்றி. தட்டணுக்கள் இரண்டு லட்சத்துக்கு மேல் உள்ளன. அம்மா இன்னும் முழு மனதாக இல்லை, அண்ணன் கையெழுத்திட்டுவிட்டார். இன்னொரு ஐயம்: தலை ஸ்கேன் எடுக்காமல் நீர் எடுத்தால் மூளையே கீழே இறங்கிவிடும் என்று பக்கத்துக் கட்டில்காரர் பயமுறுத்துகிறார். அப்படியும் நேருமா?

வார்டுச்சுற்று எழுதியது:

நேரும். அரிதாக நேரும், யாருக்கு நேரலாம் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே கணிக்கவும் முடியும். மூளைக்குள் கட்டியோ சீழோ ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டிருக்கும்போது கீழே நீரை வெளியேற்றினால், மேலுக்கும் கீழுக்கும் அழுத்தம் வேறுபட்டு, மூளையின் அடிப்பகுதி மண்டையோட்டின் அடித்துளை வழியே பிதுங்கக்கூடும். ஆகையால், புதிதாக வலிப்பு வந்தவர்கள், கை அல்லது கால் ஒரு பக்கம் பலவீனமானவர்கள், நினைவு மங்கியவர்கள், கண்ணின் உள்நரம்பில் வீக்கம் காணப்படுபவர்கள், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், முன்பே மூளை நோய் இருந்தவர்கள் ஆகியோருக்கு முதலில் சி.டி. ஸ்கேன் எடுக்கிறோம். உங்கள் அண்ணன் மகனுக்குப் பேச்சுக் குழறுவதால் ஸ்கேன் எடுத்திருப்பார்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் இதிலேயே மற்றோர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பாக்டீரியா மூளைக்காய்ச்சலில் ஸ்கேன் வரிசைக்காகக் காத்திருக்கும் நேரம் உயிரைத் தின்னும். ஸ்கேனுக்கு அனுப்புவதானால், கிருமியை வளர்த்துக் கண்டறிய இரத்தக் கல்ச்சர் எடுத்துக்கொண்டு முதல் ஆன்டிபயாடிக் ஊசியை வார்டிலேயே போட்டுவிட்டு அனுப்ப வேண்டும். சுவீடனில் 2009-இல் வழிகாட்டுதலைத் திருத்தி, நினைவு மங்கலை மட்டுமே காரணமாகக் கொண்டு ஸ்கேனுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்று மாற்றினார்கள். அதன்பின் சிகிச்சை முன்னதாகத் தொடங்கியதும் இறப்பு குறைந்ததும் பதிவாகியுள்ளன.

மயக்கமருந்தாளன் எழுதியது:

இதில் வார்டுச்சுற்று ஐயாவோடு ஓரளவு முரண்படுகிறேன். சுவீடன் அனுபவம் திடீரென்று வரும் பாக்டீரியா காய்ச்சலைப் பற்றியது. நம் வார்டுகளில் வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டு வரும் காசநோய் மூளைக்காய்ச்சலில் மூளையறைகளில் நீர் தேங்குவதும் சிறு கட்டிகள் இருப்பதும் சாதாரணம். கண்ணின் உள்நரம்பைப் பார்க்கும் கருவி மேசை இழுப்பறையில் பேட்டரி இல்லாமல் கிடக்கும் இடத்தில், "வீக்கம் இல்லை" என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பதை நம்பி நான் ஊசி எடுக்கத் தயாரில்லை. அதே வேளையில், ஸ்கேன் இயல்பாக இருந்தாலும் அழுத்தம் அதிகமாக இருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வார்டுச்சுற்று எழுதியது:

காசநோய் ஐயத்தில் ஸ்கேன் முதலில் என்பதை நானும் ஏற்கிறேன். மருந்து காத்திருக்கக் கூடாது என்பதே என் வாதம்.

வெள்ளைச்சீருடை எழுதியது:

பணி ஓய்வு பெற்ற தலைமைச் செவிலி என்ற முறையில் ஒரு கேள்வி. நீர் எடுத்தபின் தலையணை இல்லாமல் ஆறு மணி நேரம் மல்லாந்து படுக்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். நாங்களும் அப்படியே நோயாளிகளைப் படுக்கவைத்தோம். இப்போது புதிதாக வரும் மருத்துவர்கள் உடனே எழுந்து நடக்கலாம் என்கிறார்கள். தலைவலி வந்து நடு இரவில் அழும் நோயாளியைப் பார்த்துக்கொள்வது செவிலியர்தான் என்பதால் கேட்கிறேன்.

மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் முகக்கவசம் இல்லாமல், பேசிக்கொண்டே ஊசி செலுத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். வாயிலிருக்கும் கிருமி நோயாளியின் தண்டுவட உறைக்குள் போய் மூளைக்காய்ச்சலை உண்டாக்கியதாகப் பதிவுகள் வந்தபின், 2007-இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் இதற்கு முகக்கவசத்தைப் பரிந்துரைத்தது. நாங்கள் சொன்னால் எங்களை முறைத்தவர்கள், அந்தக் காகிதத்தைக் காட்டியபின் கட்டிக்கொண்டார்கள்.

மயக்கமருந்தாளன் எழுதியது:

சிஸ்டர், முகக்கவசத்தில் நூற்றுக்கு நூறு உடன்படுகிறேன். படுக்கை ஓய்வில் மாறுபடுகிறேன். தலைவலிக்குக் காரணம், உறையில் ஊசி இட்ட துளை வழியே நீர் தொடர்ந்து கசிவது. படுத்திருந்தால் வலி தெரியாதே தவிர, துளை அதனால் விரைவாக அடைபடுவதில்லை. படுக்கை ஓய்வும் கூடுதல் நீரும் தலைவலியைத் தடுப்பதற்குச் சான்று இல்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின், 2016-இல் வந்த தொகுப்பாய்வு கூறுகிறது.

தடுப்பது எது என்றால், ஊசியின் முனை. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் குயின்கே ஊசி வெட்டும் முனை கொண்டது. விட்டேக்ர், ஸ்ப்ராட் போன்றவை பென்சில் முனை கொண்டவை. உறையின் இழைகளை வெட்டாமல் விலக்கிக்கொண்டு போகும். 31,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை உள்ளடக்கி 2018-இல் லான்செட் இதழில் வெளிவந்த தொகுப்பாய்வில், வெட்டு முனை ஊசியில் 11 விழுக்காட்டினருக்கு வந்த தலைவலி, பென்சில் முனையில் 4.2 விழுக்காட்டினருக்கு மட்டுமே வந்தது. முதல் முயற்சியில் வெற்றி பெறுவதில் வேறுபாடு இல்லை. விலை கூடுதல் என்பது உண்மை. ஆனால் தலைவலியோடு கூடுதலாகப் படுக்கையில் கிடக்கும் நாட்களின் செலவை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. குயின்கே ஊசிதான் இருக்கிறது என்றால், சிறிய அளவை எடுத்து, அதன் வெட்டு முகம் உடலின் நெடுக்குக்கு இணையாக இருக்குமாறு பிடித்துச் செலுத்துங்கள். வெளியே இழுக்குமுன், ஊசிக்குள் பொருந்தும் உள்கம்பியை மீண்டும் செருகிவிட்டு இழுங்கள். 1998-இல் ஜெர்மனியில் 600 பேரிடம் செய்த ஆய்வில், ஸ்ப்ராட் ஊசியில் அந்தக் கம்பியைச் செருகியதால் மட்டும் தலைவலி 16 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது.

வெள்ளைச்சீருடை எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். இருந்தாலும் ஒரு மணி நேரமாவது படுக்கவைப்பேன். அந்த நேரத்தில்தான் இரத்த அழுத்தமும் கால் அசைவும் எங்கள் கண்காணிப்பில் இருக்கும்.

கரிசல்காரி எழுதியது:

சிசேரியனுக்காக முதுகில் ஊசி போட்ட மறுநாள் எனக்கு இந்தத் தலைவலி வந்தது. படுத்தால் ஒன்றுமே இருக்காது. குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்து உட்கார்ந்த சில நிமிடங்களில் பிடரியிலிருந்து நெற்றி வரை இறுக்கிப் பிடிக்கும், காது அடைத்துக்கொள்ளும். "எல்லோருக்கும் வருவதுதான், காபி குடி" என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாம் நாள் வந்த வேறொரு மருத்துவர்தான் என் கையிலிருந்தே இரத்தம் எடுத்து முதுகில் செலுத்தினார்; அன்று மாலையே உட்கார முடிந்தது. அது என்ன சிகிச்சை? வாழ்நாள் முழுவதும் இடுப்பு வலி இருக்கும் என்று என் மாமியார் சொல்வது உண்மையா?

மயக்கமருந்தாளன் எழுதியது:

உங்கள் மருத்துவர் செய்தது இரத்த ஒட்டு. கையிலிருந்து 15 முதல் 20 மில்லி இரத்தத்தைத் தூய்மையாக எடுத்து, உறைக்கு வெளியே உள்ள இடத்தில் செலுத்தினால், அது உறைந்து துளையை அடைக்கிறது. 1960-இலிருந்து புழக்கத்தில் இருக்கும் முறை. பெரும்பாலோருக்கு இரண்டு வாரங்களுக்குள் தலைவலி தானாகவே அகன்றுவிடும் என்பதால் எல்லோருக்கும் இது தேவைப்படாது. குழந்தையைத் தூக்கக்கூட முடியாதவரைக் காபி குடிக்கச் சொல்லிக் காத்திருக்க வைப்பது முறையன்று. இளம் பெண்களுக்கு, அதிலும் மெலிந்த உடல்வாகு உள்ளவர்களுக்கு, இந்தத் தலைவலி அதிகம் வருகிறது. நீண்டகால இடுப்பு வலிக்கும் அந்த ஊசிக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. குத்திய இடத்தில் சில நாட்கள் நோவு இருக்கும். மாதக்கணக்கில் நீடிப்பதற்குக் கருவுற்ற காலத்தில் தளர்ந்த தசைகளும் குனிந்து பிள்ளையைத் தூக்குவதும் போதுமான காரணங்கள்.

இந்தத் தலைவலியை முதன்முதலில் விரிவாக எழுதியவர்களுள் ஒருவர் அதைத் தானே அனுபவித்த மருத்துவர். 1898-இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர், மரத்துப்போகும் மருந்தைத் தன் மீதே சோதிக்க, உதவியாளரைத் தன் முதுகில் ஊசி செலுத்தச் சொன்னார். மருந்துக் குழல் ஊசியோடு பொருந்தாததால் நீர் நிறைய வெளியேறியது. பியருக்கு எழுந்து நின்றாலே தலைவலி, படுத்தால் தணிவு என்று நாட்கள் கழிந்தன. ஏழு ஆண்டுகளுக்கு முன் அதே நகரில்தான் குயின்கே முதுகில் நீர் எடுக்கும் முறையை வகுத்திருந்தார்.

பாலகர்வார்டு எழுதியது:

குழந்தைகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. பச்சிளங்குழந்தைக்குத் தண்டுவடம் மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு வரை நீண்டிருக்கும் என்பதால், இன்னும் கீழே உள்ள இடைவெளியில்தான் செலுத்துகிறோம். எங்கள் வார்டில் ஊசி செலுத்துபவரைவிடப் பிடித்திருப்பவரே முக்கியமானவர். இடுப்பை வளைக்க வேண்டுமே தவிர, கழுத்தை அழுத்திக் குனியவைக்கக் கூடாது. அப்படிச் செய்தால் மூச்சு தடைபட்டு, ஆக்சிஜன் அளவு சரிந்து, குழந்தை நீலம் பாய்ந்துவிடும். விரலில் ஆக்சிஜன் அளவி இல்லாமல் தொடங்குவதே இல்லை. உள்கம்பி இல்லாத சாதாரண ஊசியைப் பயன்படுத்தும் பழக்கத்தையும் கைவிட வேண்டும்: தோலின் துணுக்கு உள்ளே போய்ப் பல ஆண்டுகள் கழித்துக் கட்டியாக வளர்ந்த நோயாளிகள் மருத்துவ ஆய்விதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள்.

தென்பொருநை எழுதியது:

இன்று காலை மயக்கவியல் மருத்துவர் வந்து, அல்ட்ராசவுண்டில் பார்த்துப் பேனாவால் குறியிட்டு, உட்காரவைத்து எடுத்தார். தெளிந்த நீர் வந்தது. குழாய்களை நானே ஆய்வுக்கூடத்துக்கு ஓடிச் சென்று கொடுத்தேன். அம்மா பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

ஆய்வுக்கூடத்தான் எழுதியது:

நல்லது. ஒரு குழாயை அசைக்காமல் வைத்திருந்தால் சிலந்தி வலை போன்ற மெல்லிய படலம் உருவாகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காசநோயில் அது அமையும். காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பெர்ட் பரிசோதனையில் கிருமி தென்படாவிட்டால் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. மருத்துவர் மருந்தைத் தொடரச் சொன்னால் தொடருங்கள்.

நெல்வயல் எழுதியது:

என் தந்தைக்கு முதுகெலும்பு மூங்கில் போல் ஒட்டிப்போகும் வாத நோய். அவருக்கு எவ்வளவு முயன்றும் நீர் வரவில்லை. வெறும் ஊசிதான் வெளியே வந்தது. இத்தகையவர்களுக்கு வழியே இல்லையா? மேலும், வீட்டுக்கு வந்தபின் எந்த அறிகுறிகளுக்கு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

வார்டுச்சுற்று எழுதியது:

வழி உண்டு. தசைநார்கள் எலும்பாகிப்போன முதுகில் நடுக்கோட்டில் மல்லுக்கட்டாமல், ஓரிரு சென்டிமீட்டர் பக்கவாட்டிலிருந்து சாய்வாகச் செலுத்தலாம். அல்லது எக்ஸ்-ரே திரையைப் பார்த்துக்கொண்டே கதிரியக்க மருத்துவர் எடுக்கலாம். நீர் வராததற்கு எல்லா நேரமும் ஊசி தவறான இடத்தில் இருப்பது காரணமன்று. நோயாளி மிகவும் நீர் வற்றிப்போயிருக்கலாம், நரம்பு வேர் துளையை அடைத்திருக்கலாம்; அப்போது ஊசியைக் கால்சுற்றுத் திருப்பிப் பார்க்கலாம், ஆனால் சிரிஞ்சு வைத்து உறிஞ்சக் கூடாது. முதுகெலும்புக் காசநோய் போன்றவற்றால் மேலே அடைப்பு இருந்தால், வரும் சிறிதளவு நீரும் மஞ்சளாக, குழாயிலேயே கட்டிப்போகும் அளவுக்குப் புரதம் மிகுந்து இருக்கும். அப்படி வந்தால் முதுகெலும்பு முழுவதையும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின், குத்திய இடத்தில் நோவும் எழுந்தால் வரும் தலைவலியும் காத்திருக்கக் கூடியவை. கால்கள் பலம் இழப்பது, சிறுநீர் பிரியாமல் நின்றுவிடுவது, உட்காரும் இடத்தில் உணர்ச்சி மரத்துப்போவது, முதுகுவலி மணிக்கு மணி கூடிக்கொண்டே போவது ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இரத்தக் கட்டு நரம்புகளை அழுத்துகிறதா என்று அன்றிரவே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். காய்ச்சலோடு கழுத்து இறுகினாலும், எழுந்தால் வந்த தலைவலி தன்மை மாறிப் படுத்தாலும் விடாமல் இருந்தாலும், பொருள்கள் இரண்டாகத் தெரிந்தாலும் அன்றே வர வேண்டும். இரத்தம் உறையாமலிருக்கும் மருந்துகளை உங்கள் தந்தை உண்பவரானால், அவற்றை மறுபடி எப்போது தொடங்குவது என்பதை வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் மருத்துவரையே எழுதித் தரச் சொல்லுங்கள்.